கன்னியர் பள்ளியில் சார்த்திய கயிறு

தில்லை மன்றுள் நின்றாடும் பெருமானே, அருகில் நின்று அந்த ஆட்டத்தைக் காணும் அம்மையே, என் கையெழுத்துக் கோணாமலும், அதைவிட எளிதில் கோணிவிடும் என் மனம் கோணாமலும் காத்தருள்க.

1

இன்று தைப்பூசம். கடலூரிலும் சிதம்பரத்திலும் இருக்கும் நீங்கள் இந்நேரம் நீராடிக் கோயிலுக்குப் போய்த் திரும்பியிருப்பீர்கள். கனடாவில் நான் மகனோடு வசிக்கும் இந்தச் சிறு நகரத்தில், வாசற்படியில் கிடக்கும் பனியைத் தள்ளினால்தான் தெருவில் இறங்க முடியும். காலையில் தள்ளினேன். குளித்து நீறணிந்து, சமூகக்கூடத்தில் நடந்த பூசைக்கும் போய் வந்துவிட்டேன். இப்போது உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதப்போகும் பொருள் அழகானதன்று. கடலூர் முதுநகரில் ஒரு பள்ளி வகுப்பறையில் பிறந்த கைப்பேசிச் செயலி ஒன்றின்மேல் எனக்கு வந்த பொறாமையைப் பற்றியது. நல்ல நாளில் இதை எழுதலாமா என்று தயங்கினேன். அழுக்கை மறைத்து வைத்துக்கொண்டு இறைவனிடம் எதைக் கழுவச் சொல்வது என்று என்னையே கேட்டுத் துணிந்தேன்.

என்னை அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்கிறேன். நான் முதுநகரில் பிறந்தவன். என் தந்தையார் பகலில் துறைமுகத்தில் கணக்கர். மாலையில் சிவன் கோயிலில் பதிகம் ஓதுவார். வீட்டில் இடர் வந்தாலும் நல்ல காரியம் தொடங்கினாலும் எங்கள் குடும்பத்தில் கயிறு சார்த்துவது வழக்கம். பதிகப் புத்தகத்தைப் பூசையில் வைத்து வணங்கி, மூடிய ஏடுகளின் நடுவே ஒரு மஞ்சள் கயிற்றைச் செருகி, கயிறு நின்ற பக்கத்தைத் திறப்போம். அங்கே எந்தப் பதிகம் இருக்கிறதோ அதுவே கேட்டவருக்கு இறைவன் தந்த மறுமொழி. முதற்பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை அதை ஓத வேண்டும். கேள்வி கேட்டவர் எழுந்து போகாமல் கேட்க வேண்டும். ஒரு கேள்விக்கு ஒருமுறைதான் கயிறு.

தந்தைக்குப்பின் அந்தப் புத்தகமும் கயிறும் என்னிடம் வந்தன. அவற்றோடுதான் கடல் கடந்தேன். இங்கே வெள்ளிக்கிழமைதோறும் சமூகக்கூடத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து வழிபடுகிறோம். இறைவன் படத்துக்கு வலப்புறம் ஒரு மணை போட்டிருக்கும். அது என் இடம். வேலை மாறுகிறவர், வீடு வாங்குகிறவர், மகளுக்கு வரன் பார்க்கிறவர் யாராயினும் அதன் எதிரே வந்து அமர்வார்கள்.

அந்த மணைக்காக நான் நகராட்சியோடும் வழக்காடியிருக்கிறேன். அறையைக் கேட்டு எழுதியபோது, அங்கே என்ன நடக்கும் என்ற கேள்விக்கு இதையும் விளக்கியிருந்தேன். ஓர் அலுவலர் அம்மையார் தொலைபேசியில் அழைத்து, குறி சொல்வதற்குத் தனி உரிமம் பெற வேண்டும் என்றார். "அம்மா, நான் எதையும் சொல்வதில்லை. இறைவன் சொல்கிறான், நான் பாடுகிறேன்" என்று எனக்கு வந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் சற்று யோசித்தார். "அப்படியானால் இசை நிகழ்ச்சிக்கான உரிமம் பெறுங்கள்" என்றார். பெற்றேன். நகராட்சிக் கணக்கில் இன்றும் நான் ஒரு பாடகன்.

2

சென்ற ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை. வசந்தி என்ற பெண், கம்மாபுரத்துக்காரி, இங்கே ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், வழக்கமாக என் மணைக்கு எதிரே முதலில் வந்து அமர்பவள், அன்று பின்வரிசையிலேயே இருந்துவிட்டாள். பூசை முடிந்ததும் நானே அழைத்தேன்.

"என்னம்மா, இந்த வாரம் கேட்பதற்கு ஒன்றும் இல்லையா?"

"கேட்டுட்டேன் சார். பஸ்ல வர்றப்பவே போட்டுப் பாத்துட்டேன்."

"எதைப் போட்டு?"

"இப்பல்லாம் போன்லயே வந்துடுச்சி சார். நம்ம கடலூர்ல ஸ்கூல் பொண்ணுங்க ரெண்டு பேரு பண்ணியிருக்காங்களாம். புஸ்தகம், கயிறு எல்லாம் படமா வருது. வெரலால இழுத்து வுடணும். ஒரு அம்மா பாடறாங்க பாருங்க, அப்படியே கண்ணுல தண்ணி வந்துடும்."

சொல்லிக்கொண்டே அதை அழுத்தினாள். கேட்ட முதல் அடியிலேயே நான் அறிந்துகொண்டேன். அது என் தங்கை மங்கையின் குரல். அவள் முதுநகர் வீட்டில் கண்மூடிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன.

மறைந்த தங்கையின் குரலை, அவள் கால் படாத ஒரு நாட்டில், பனிக்காலம் தொடங்கும் ஒரு மாலையில் திடீரென்று கேட்கும் அண்ணனுக்கு முதலில் என்ன வந்திருக்க வேண்டும்? கண்ணீர் வந்திருக்க வேண்டும். எனக்கு வரவில்லை. "இங்கேயும் வந்துவிட்டாயா?" என்றுதான் என் மனம் அவளைக் கேட்டது. சுற்றிலும் பெண்கள் கூடிவிட்டார்கள். "எப்படி இறக்குவது?" "எனக்கும் அனுப்பு வசந்தி." என் மணைக்கு எதிரே அன்று ஒருவரும் அமரவில்லை. அடுத்த வெள்ளியும் அப்படியே ஆயிற்று.

3

பொறாமைக்கு வயது உண்டு. என்னுடையது மங்கைக்குப் பேச்சு வந்த நாளில் பிறந்தது.

தந்தையார் எனக்குத்தான் ஓதப் பயிற்றினார். பண்ணும் தாளமும் சொல்லித் தருவார். நான் பிழை செய்வேன். கூடத்தில் பூத்தொடுத்துக்கொண்டிருக்கும் மங்கை அதைச் சரியாக முணுமுணுப்பாள். கயிறு சார்த்த வேண்டிய நாள் வந்தால் தந்தை அவளைத்தான் கூப்பிடுவார். "கொழந்தை கை வைக்கட்டும்" என்பார். நானும் குழந்தைதான், இரண்டு வயது மூத்த குழந்தை. அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

பின்னர் அவள் கிறித்தவக் கன்னியர் நடத்தும் பெண்கள் பள்ளியில் சேர்ந்தாள். அங்கே வணிகவியலும் தட்டச்சும் கற்றுத் தந்தார்கள். நான் படித்த பள்ளியில் அவை இல்லை. மாலையில் அவளை அழைத்துவர வாயிலில் நிற்பேன். தெருவோரமாயிருந்த நீண்ட கூடத்திலிருந்து பொறிகள் மழைபோல் தட்டும் ஓசை கேட்கும். அவள் விரல் படபடக்க, வாய்க்குள் பதிகம் ஓடும் என்று அவள் தோழிகள் சொல்லிச் சிரிப்பார்கள். தட்டச்சு ஆசிரியையான கன்னியர் அதைத் தடுத்ததில்லையாம். "சத்தம் வெளிய வராத வரைக்கும் சாமி யாரா இருந்தா என்ன" என்பாராம். எனக்கு இயற்கணிதம் கிடைத்தது. அவளுக்குப் பள்ளி முடிந்த கையோடு ஒரு வழக்கறிஞரிடம் வேலை கிடைத்தது.

கனடாவுக்கு நான் அனுப்பிய விண்ணப்பத்தை அவள்தான் தட்டச்சு செய்தாள். பொறியிலிருந்து உருவி என் கையில் கொடுத்துவிட்டு, "இந்தா அண்ணே. இதுல ஒரு தப்பு கெடையாது. போற எடத்துல நீ பண்ணாம இருந்தா சரி" என்றாள். அதற்கு என்ன மறுமொழி சொல்லலாம் என்று விமானம் ஏறிய பிறகும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பழங்கதையெல்லாம் மனத்தில் புகைய, அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் மங்கையின் மகள் அமுதாவைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"ஆமாம் மாமா. நான் ஹாஸ்டல்ல இருந்தப்ப அம்மா கேசட்டுல பாடி அனுப்புவாங்க இல்ல? எல்லாம் பத்திரமா இருந்திச்சி. கயல் அதை எடுத்துத்தான் பண்ணியிருக்கா."

கயல்விழி அமுதாவின் மகள். அதே கன்னியர் பள்ளியில் பதினோராம் வகுப்பு. வணிகவியல், கணக்குப்பதிவியல், கணினிப் பயன்பாடு என்று பாடங்கள். அவற்றை ஒன்றாக இணைத்துச் சனிக்கிழமைகளில் வணிகமும் தொழில்நுட்பமும் என்று ஒரு வகுப்பு நடத்துகிறார்களாம். மாணவியர் இருவர் இருவராகச் சேர்ந்து, உண்மையான மனிதர்களுக்குப் பயன்படும் ஒன்றைச் செய்து, பொங்கலுக்கு முன் கண்காட்சியில் வைக்க வேண்டும்.

"ஆனா ஒண்ணு இருக்கு மாமா. விஷயம் தெரிஞ்ச பெரியவங்க யாராவது பாத்து, எல்லாம் சரின்னு சொல்லணுமாம். இல்லன்னா அதை நிறுத்திடணும்னு சிஸ்டர் கண்டிஷனா சொல்லிட்டாங்க. அப்பா உங்க பேரைக் குடுத்துட்டாரு. நீங்க திருவாதிரைக்கு வர்றீங்க இல்ல?"

வருகிறேன் என்றேன். மணையைக் காக்கும் வழியை இறைவனே என் கையில் தந்துவிட்டான் என்று மகிழ்ந்தேன்.

புறப்படும்போது விமான நிலையத்துக்கு என்னைக் கொண்டுவிட்ட என் மகன், வண்டியை ஓட்டிக்கொண்டே, "ரெண்டும் ஒண்ணுதானேப்பா? நீங்க கயிறுல பண்றீங்க, அவ கணக்குல பண்றா" என்றான். இந்த நாட்டில் வளர்ந்த அவன் என் மணைக்கு எதிரே ஒருநாளும் அமர்ந்ததில்லை. அதனால் அந்தச் சொல்லைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நினைத்தேன். பறந்த நேரமெல்லாம் அதையேதான் பெரிதாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

4

முதுநகர் வீட்டில் இப்போது இருப்பவர்கள் மங்கையின் கணவர் வைத்திலிங்கம், அமுதா, கயல் மூவரும். மருமகனுக்கு வளைகுடாவில் வேலை. மச்சான் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கேலி செய்யாமல் அவருக்கு வாய் மூடாது.

"வாங்க மச்சான். என்ன, அங்க சாமி கும்புட ஆள் கொறைஞ்சி போச்சாமே?"

"யார் சொன்னது?"

"யார் சொல்லணும்? உங்க மூஞ்சியிலயே எழுதியிருக்குது. உங்க தங்கச்சி உயிரோட இருந்தப்ப என்னியத்தான் பேச வுடல. இப்ப உங்களயும் பாட வுடமாட்றா போல."

அமுதா உள்ளிருந்து, "அப்பா, சும்மா இருங்க" என்றாள். கயல் எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். பள்ளிச் சீருடையில் மெலிந்த பெண். மங்கையின் நெற்றி. "எப்ப பாக்கறீங்க தாத்தா?" என்று கேட்டாள்.

"தரிசனம் ஆகட்டும். பிறகு நேரே பள்ளிக்கே வந்து சொல்கிறேன்."

"சரின்னு சொல்லுவீங்களா?"

"தில்லையில் கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன்" என்றேன். அவள் தலையாட்டினாள். அது பொய்யன்று, ஆனால் என்ன கேட்கப்போகிறேன் என்பதை நான் ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன்.

திருவாதிரை அன்று நானும் மச்சானும் சிதம்பரம் போனோம். கூட்டத்தின் நெரிசலில் நடக்க வேண்டிய தேவையே இல்லை; நம்மைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். பெருமான் மண்டபத்திலிருந்து ஆடி ஆடி உள்ளே எழுந்தருளும் நேரம், லட்சம் கைகள் ஒன்றாய் எழுந்தன. நானும் கைகூப்பினேன். பிறவிப் பயனைக் கேட்க வேண்டிய அந்த நொடியில் நான் கேட்டது இது: "அந்தச் செயலியில் ஒரு குறையாவது எனக்குக் காட்டு." என் அருகில் ஒரு பெண் கண்ணீர் வழிய நின்றிருந்தாள். அவள் என்ன கேட்டாளோ. நிச்சயம் இதைக் கேட்டிருக்க மாட்டாள்.

வெளியே வந்து சிவகங்கைக் குளத்துப் படியில் அமர்ந்தோம். மச்சான் களி வாங்கிவரப் போனார். நான் கைப்பேசியை எடுத்து அந்தச் செயலியைத் திறந்தேன். புத்தகப் படம் வந்தது. மஞ்சள் கயிறு வந்தது. மனத்துக்குள் கேள்வியை நினைக்கச் சொன்னது. இதை நிறுத்திவிடலாமா என்று நினைத்தேன். விரலால் கயிற்றை இழுத்து விட்டேன்.

மங்கை பாடினாள்.

நல்ல பதிகம். அதன் கருத்தை இங்கே சொல்ல மாட்டேன். என் கேள்விக்கு அது தந்த மறுமொழி எனக்குப் பிடிக்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு பாட்டும் முந்தையதைவிடக் கனிந்து வந்தது. குரல் மேலே போகும் இடங்களில் அவள் தளரவே இல்லை. கடைசிப் பாட்டுக்கு முந்தைய பாட்டு முடிந்தது. பிறகு டக்கென்று ஓர் ஒலி. அதன்பின் ஒன்றுமில்லை.

பதிகத்தின் கடைசிப் பாட்டைத் திருக்கடைக்காப்பு என்போம். இதுவரை பாடியதனால் வரும் பலன் இன்னது என்று சொல்லி மூடுகிற பாட்டு அது. அதைப் பாடாமல் பதிகத்தை நிறுத்துவது, விருந்தினரை இலையில் உட்கார வைத்து எல்லாம் படைத்துவிட்டு, உண்ணச் சொல்லாமல் எழுப்பிவிடுவது போல. எங்கள் வீட்டில் அப்படி ஒருநாளும் நடந்ததில்லை.

எனக்கு உண்டான மகிழ்ச்சியை எழுதக் கை கூசுகிறது. உறுதி செய்துகொள்ள மறுபடியும் கயிற்றை இழுத்தேன். "இந்தக் கேள்விக்கு மறுமொழி கிடைத்துவிட்டது. அமைதியாக இருங்கள்" என்று திரையில் எழுத்து வந்தது. மறுபடியும் இழுத்தேன். மறுபடியும் அதே எழுத்து.

"என்ன மச்சான், போனைப் போட்டுக் கிள்ளிகிட்டு இருக்கீங்க?" மச்சான் தொன்னையோடு வந்து நின்றார்.

"குறை இருக்கிறது மச்சான். பெரிய குறை."

"அதுக்கா இப்படிச் சிரிக்கறீங்க?"

5

கண்காட்சிக்கு முந்திய நாள் பள்ளிக்குப் போனேன். அமுதா உடன் வந்தாள். கணினிக் கூடம் இருந்த இடத்தைக் கண்டதும் நின்றுவிட்டேன். தெருவோரமாய் நீண்ட அதே தட்டச்சுக் கூடம். பொறிகள் இருந்த மேசைகளில் இப்போது திரைகள். மாதாவின் படத்துக்கு யாரோ கனகாம்பரச் சரம் சாத்தியிருந்தார்கள்.

சுவரோரம் ஒவ்வொரு குழுவும் தன் திட்டத்தை விளக்கிப் படம் ஒட்டியிருந்தது. கயலும் அவள் கூட்டாளி அஞ்சலியும் தங்கள் படத்தின் அருகே நின்றார்கள். அஞ்சலி கடலோரக் குப்பத்துப் பெண். ஒலிப்பதிவு வேலையெல்லாம் அவள்தானாம். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தேன்.

வாடிக்கையாளர்: வெளிநாட்டில் வாழும் தமிழர்.

அவர்களுடைய குறை: கயிறு சார்த்த அருகில் ஆள் இல்லை.

போட்டியாளர்: கனடாவில் ஒரு தாத்தா.

அவருடைய பலம்: பழைய புத்தகம். ஞானம் ஜாஸ்தி.

அவருடைய பலவீனம்: வெள்ளிக்கிழமை மட்டும் கிடைப்பார். பாடி முடித்தபின் நிறைய நேரம் பேசுவார்.

"இதை யாரம்மா சொன்னது?"

கயல் தாயைப் பார்த்தாள். அஞ்சலிதான் சொன்னாள்: "அவுங்க அம்மாதான் தாத்தா. நீங்க போன்ல பேசறப்ப ஸ்பீக்கர்ல போட்டுட்டு கொழம்பே வச்சி முடிச்சிடுவாங்களாம்."

"அடிப்பாவி" என்றாள் அமுதா.

அப்போது ஆசிரியை சிஸ்டர் ஜெசிந்தா வந்தார். நடுவயது; சிரித்த முகம்; கையில் சுண்ணக்கட்டித் தூள். "நீங்கதானா அந்தப் போட்டியாளர்? தப்பா எடுத்துக்காதீங்க ஐயா. போட்டியாளர் இல்லாத தொழிலே கெடையாதுன்னு பாடத்துல இருக்கு. மதிப்பு இருக்கறவங்க பேரைத்தான் அந்தக் கட்டத்துல எழுதுவாங்க."

மதிப்பை ஏற்றுக்கொண்டு, தொண்டையைச் சரிசெய்து, நான் கொண்டுவந்ததைச் சபையில் வைத்தேன். இன்ன பதிகம் கடைசிப் பாட்டு இல்லாமல் அறுந்து நிற்கிறது. மரபில் அது பெரும் பிழை. பதிகம் கேட்டவர் பலனின்றி எழுந்து போவார். ஆகவே இதற்கு நான் ஒப்புதல் தருவதற்கில்லை. நீண்ட வாக்கியங்களில் சொன்னேன். எனக்கே கேட்க நன்றாயிருந்தது.

கயல் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது.

"கேசட்டுல அந்தப் பக்கம் அதோட முடிஞ்சிடுச்சி தாத்தா" என்றாள். "பாட்டும் அவ்வளவுதான்னு நெனச்சிட்டோம். எண்ணிப் பாக்கல."

"அடுத்த பக்கத்துல அம்மா வேற பதிகம் ஆரம்பிச்சிட்டாங்க மாமா. மறந்திருப்பாங்க" என்றாள் அமுதா.

"அது ஒண்ணு மட்டுந்தானா தாத்தா குறை?" என்றாள் கயல்.

"ஒன்று போதாதா?"

சிஸ்டர் ஜெசிந்தா கையிலிருந்த சுண்ணத்தூளைத் தட்டிக்கொண்டார். "ஐயா சொல்றது சரிதான். குறை தெரிஞ்சே வெளிய குடுக்கறது நம்ம பாடத்துலயும் தப்பு. கயல், எடுத்துடும்மா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

நான் கேட்டு வந்தது கிடைத்துவிட்டது. இறைவன் அவ்வளவு விரைவில் தருவான் என்று எதிர்பார்க்கவில்லை. கயல் கணினி முன் அமர்ந்தாள். அழவில்லை. எதையோ திறந்து, எதையோ தேடி, கடைசியில் 'நீக்கிவிடவா' என்று கேட்கும் ஒரு கட்டத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். என் பக்கம் திரும்பி, "நீங்களே அமுத்திடுங்க தாத்தா. என்னால முடியல" என்று எழுந்து இடம் விட்டாள்.

அமர்ந்தேன். கையை நீட்டினேன்.

"ஒரு நிமிஷம் தாத்தா" என்றாள் அஞ்சலி. "எங்க அறுந்திருக்குதுன்னு நான் கேட்டுக்கறேன். அடுத்த வருஷத்துக்கு ஒதவும்." காதில் மாட்டும் கருவியைத் தேடினாள், கிடைக்கவில்லை. ஒலிபெருக்கியிலேயே போட்டுவிட்டாள்.

அந்தக் கூடத்தில், ஒரு காலத்தில் அவள் வாய்க்குள் அடக்கிப் பாடிய அதே கூடத்தில், மங்கையின் குரல் முழு அளவில் எழுந்தது. மற்றக் குழுப் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். வாயிலில் துடைப்பத்தோடு போன ஓர் அம்மாள் நின்று சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டாள். பாட்டின்பின் பாட்டாக ஏறி, கடைசிக்கு முந்தையதும் முடிந்தது. டக்.

நான் ஒன்றும் தீர்மானிக்கவில்லை என்பதை நீங்கள் நம்ப வேண்டும். பதிகம் அறுந்தால் மூச்சு அறுந்தது போல இருக்கும்படி என்னை வளர்த்துவிட்டார் தந்தையார். வாய் தானே திறந்தது. திருக்கடைக்காப்பின் முதற்சொல்லை எடுத்தேன். அவள் விட்ட இடத்திலேயே, அவள் நின்ற சுருதியிலேயே எடுத்தேன். அவளுடையது ஐந்தரைக் கட்டை. நான் என் வாழ்நாளில் இரண்டு கட்டையைத் தாண்டியவனல்லன். இரண்டாம் அடியில் குரல் ஏற வேண்டிய இடம் வந்தது. ஏறினேன். உடைந்தது. உடைந்த குரலோடேயே முடித்தேன்.

பிறகு அஞ்சலி மெல்லச் சொன்னாள்: "ரெக்கார்டு ஆயிடுச்சி தாத்தா. நீங்க வாயைத் தொறந்ததும் போட்டுட்டேன்."

"சிஸ்டர், அப்ப முழுசா ஆயிடுச்சி இல்ல?" என்றாள் கயல். சிஸ்டர் என்னைப் பார்த்தார்.

அஞ்சலி திரையில் அலைகளைப் பார்த்தபடி, "தாத்தா குரல் மேல போற எடத்துல மட்டும் கொஞ்சம் பிசிறு. ஒண்ணு பண்ணலாம். அந்தப் பாட்டி சுருதிய மொத்தமா எறக்கிட்டு, தாத்தாவை அவரு சுருதியில நிதானமா திரும்பப் பாட வச்சா, ரெண்டும் ஒண்ணாச் சேந்துடும். ஈஸிதான்" என்றாள்.

"தொடாதே" என்றேன்.

அவ்வளவு உரக்கச் சொல்ல நினைக்கவில்லை. அந்தப் பெண் கையை எடுத்துக்கொண்டாள்.

"அவள் சுருதியை ஒரு நூல்கூட இறக்கக் கூடாது. என் குரல் உடைந்தால் உடைந்தபடியே இருக்கட்டும்."

"அப்ப சரின்னு சொல்றீங்களா ஐயா?" என்று கேட்டார் சிஸ்டர்.

"சரி" என்றேன். அந்தச் சொல்லும் சற்று உடைந்துதான் வந்தது.

கயல் ஓடிப்போய்ச் சுவரிலிருந்த படத்தில் பேனாவை வைத்தாள். "தாத்தா, போட்டியாளர்ன்றதை அடிச்சிட்டு பங்குதாரர்னு போட்டுடறேன்."

"வேண்டாம். அது இருக்கட்டும்" என்றேன்.

"பலவீனமுமா?"

"அதுவும் இருக்கட்டும். உண்மைதானே."

அன்று மாலை மச்சான் செய்தி முழுவதையும் அமுதாவிடம் கேட்டு அறிந்துகொண்டு, வெற்றிலையை மடித்தபடி சொன்னார்: "சின்ன வயசுல நீங்க பாட, அவ பின்னால மொணமொணத்துகிட்டு இருந்தா. இப்ப அவ பாட, நீங்க பின்னால பாடறீங்க. மாத்தி வுட்டாளே மச்சான்!" நான் அவரை முறைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

6

திரும்பி வந்துவிட்டேன். பொறாமை முதுநகரிலேயே நின்றுவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. என்னோடு விமானத்தில் வந்து, குடிவரவு அதிகாரியின் கண்ணில் படாமல் இறங்கி, வீட்டுக்கும் வந்துவிட்டது. கயல் அவ்வப்போது செய்தி அனுப்புகிறாள். ஆஸ்திரேலியாவில் கேட்கிறார்களாம், நார்வேயில் கேட்கிறார்களாம். அந்தப் பாட்டியின் பெயர் என்ன என்று விசாரிக்கிறார்களாம். பிள்ளையிடம் நல்லது என்று எழுதுகிறேன். எழுதிவிட்டு ஒரு மணி நேரம் யாரோடும் பேசுவதில்லை. திரும்பியது முதல் என் மணைக்கு எதிரே இரண்டொருவர்தாம் வருகிறார்கள். அவர்களிடம் பாடி முடித்தபின் குறைவாகப் பேசப் பழகிவருகிறேன்.

இன்று காலைப் பூசைக்கு ஒருவர் புதிதாக வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கனரக வண்டி ஓட்டுபவர். தொலைதூர ஓட்டத்தை விட்டுவிட்டு உள்ளூரிலேயே வேலை தேடலாமா என்று பல நாளாகக் குழம்பிக்கொண்டிருந்தாராம். வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, என் மணையைப் பார்த்தும் பார்க்காமல், சுவரோரம் நின்று கைப்பேசியில் கயிற்றை இழுத்தார். எந்தப் பதிகம் வந்தது என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். கண்ணை மூடி, தொப்பியை நெஞ்சோடு அணைத்து, நின்ற நிலையிலேயே கேட்டார். மங்கை முடித்தாள். கடைசிப் பாட்டு வந்தது. இரண்டாம் அடியில் அந்தக் குரல் ஏறி உடைந்தது. அவர் கண்ணைத் திறந்தார்.

பாட்டு ஓய்ந்ததும் என்னிடம் வந்தார்.

"ஐயா, இந்த அம்மா ஆர்? என்ன மாதிரிப் பாடுறா!"

அவள் பெயரைச் சொன்னேன். மங்கையர்க்கரசி என்று முழுப்பெயரையும் சொன்னேன். கடலூர் முதுநகர் என்றேன்.

"கடைசிப் பாட்டு மட்டும் ஒரு ஆம்பிளைக் குரல். பாவம், எட்டாமல் உடையுது. அது ஆர் ஐயா?"

என்னை நேராகப் பார்த்துக்கொண்டே கேட்டார். அறையில் உள்ளவர்கள் சிலர் திரும்பினார்கள். நகராட்சியே ஒப்புக்கொண்ட பாடகன் நான், மணை எனது, புத்தகம் எனது. என் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன்.

"அவளுடைய அண்ணன்" என்றேன்.

இதை வாசிக்கும் உங்கள் எல்லோருக்கும் தைப்பூச நன்னாளில் என் வாழ்த்து. கடலூரில் இருப்பவர்க்கும், கடல் தாண்டி இருப்பவர்க்கும், கன்னியர் பள்ளியில் கணக்கும் கணினியும் பயிலும் பெண்மக்களுக்கும், அவர்களைப் பயிற்றும் சிஸ்டர்களுக்கும் அம்பலவன் அருள் குறைவின்றிச் சேர்க. உங்களைவிட நன்றாகப் பாடும் ஒருவர் உங்கள் வீட்டில் இருப்பாராயின் அவர் நூறாண்டு பாடுக. நீங்கள் அருகில் அமர்ந்து, வயிறு எரிந்தாலும், கடைசிப் பாட்டுவரை கேட்டிருக்கும் பேறு பெறுக.